தித்தியா என்று ஒருத்தி இல்லை

1662, அக்டோபர் 30

வயிற்றுப் பொருமல். முட்டைக்கோஸ் வேண்டாம் என்று டோரோதியாவிடம் தலையால் அடித்துக்கொள்கிறேன், காதில் போட்டுக்கொள்வதே இல்லை. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய பிறகும் புருஷனின் வயிறு என்ன கேட்கும் என்று தெரியாதாம்.

இந்தப் பருவம் ஹார்டன்ஸ்டட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பீடத் தலைவர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பாடம் நடத்துவதா, மேசையில் குவியும் வழக்குக் கட்டுகளைப் படிப்பதா? காட்டுப்புறத்துச் சின்ன நீதிமன்றங்களுக்கு உயிர் போகிற வழக்கென்றால் கை நடுங்கும். மொத்தக் கட்டையும் சாக்கில் சுற்றி நடையாள் மூலம் எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் நான்கு பேராசிரியர்கள் உட்கார்ந்து படித்து, தீர்ப்புரை எழுதி, முத்திரை வைத்து அனுப்புவோம். குற்றம் சாட்டப்பட்ட ஆளை நாங்கள் பார்ப்பதில்லை. பார்த்தால் மனம் இளகும். காகிதம் இளகாது.

நவம்பர் 3

க்ரால்பாக் என்ற ஊரிலிருந்து ஒரு கட்டு. மூன்று நாள் நடைதூரம். பார்பரா க்ளோஸ், மில்காரரின் விதவை, சூனியக்காரி என்று புகார். பக்கத்து வீட்டு மாடு நான்கு செத்தது. ஓடைக்கரையில் அவள் தலை வாரிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிள்ளைக்கு அன்றே காய்ச்சல். வழக்கமான சமாச்சாரம். "சந்தேகத்துக்குப் போதுமான முகாந்திரம் உண்டு. முதலில் கருவிகளைக் காட்டவும், பிறகு அளவாக வலி கொடுத்து விசாரிக்கவும்" என்று எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதன்பின் என் புத்தகத்துக்காக ஒரு பிரதி. ஒன்பது வருடமாக என் தீர்ப்புரைகளைத் தொகுத்து வருகிறேன். அச்சில் வரும்போது உண்மைப் பெயர் கூடாது என்பது எங்கள் தொழிலின் மரியாதை. ஆணென்றால் தித்தியுஸ், பெண்ணென்றால் தித்தியா. வகுப்பிலும் அப்படித்தான். தித்தியா வீட்டை விற்றாள், தித்தியா உயில் எழுதினாள் என்று மாணவர்களுக்கு நாள் முழுக்க அவள் கதைதான். சூனிய வழக்கில் மட்டும் இதுவரை நாற்பத்து மூன்று தித்தியாக்கள். பழைய பெயர்களைப் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டேன். நாற்பத்து மூன்று பேரும் ஒப்புக்கொண்டார்கள், எரிந்தார்கள். ஒருத்திகூட என் கணிப்பைப் பொய்யாக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மறைப்பானேன்!

நவம்பர் 4

அட, சனியனே. புத்தகப் பிரதியைக் கோப்பில் வைக்க எடுத்தால், கையில் இருப்பது பார்பரா க்ளோஸ் பெயர் போட்ட தாள். அப்படியானால் க்ரால்பாக்குக்குப் போனது தித்தியா! குமாஸ்தா ஃபைட்டைத் திட்டினேன். கிழவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க கொடுத்ததுக்குத்தானே ஐயா முத்திரை வச்சேன்" என்றார்.

போகட்டும். எந்த மடையனுக்கும் புரியும், யாரைச் சொல்கிறோம் என்று. திருத்தி எழுதினால் பீடத் தலைவருக்கே கவனமில்லை என்று ஸ்ட்ரௌக் ஊரெல்லாம் தமுக்கடிப்பார். அடுத்த பருவத் தலைவர் பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருக்கிற மனுஷர். ஒருவரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 12

பல்வலி. இரண்டு வகுப்பு ரத்து.

நவம்பர் 27

க்ரால்பாக் நடுவர் பெங்கெலிடமிருந்து கடிதம். அப்படியே எழுதி வைக்கிறேன். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மேன்மைமிகு பீடத்தாருக்கு. தங்கள் தீர்ப்புரையில் பார்பரா க்ளோஸைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். தாங்கள் விசாரிக்கச் சொன்ன தித்தியாவைத் தேடினோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. கோவிலில் அறிவித்தோம். நான்காம் நாள் காலையில் ஒருத்தி தானாகவே நடந்து வந்து நீதிமன்ற வாசலில் உட்கார்ந்தாள். பெயர் கேட்டதற்குத் தித்தியா என்றாள். காவலில் வைத்துள்ளோம். மேற்கொண்டு உத்தரவு வேண்டுகிறோம்."

எவளோ பிச்சைக்காரி. குளிருக்குக் கூரை கிடைத்தால் போதுமென்று எந்தப் பெயருக்கும் தலையாட்டியிருப்பாள். இந்த பெங்கெல் எவ்வளவு பெரிய முட்டாள்! பெயர் பிழை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்தேன், நிஜமாகவே. பிறகு, "முன் தந்த தீர்ப்புரைப்படி சட்டத்துக்கு உட்பட்டு நடக்கவும்" என்று எழுதி அனுப்பினேன். அதில் தவறாக ஒரு சொல்கூட இல்லை.

டிசம்பர் 5

பனி ஆரம்பித்துவிட்டது. விறகு ஈரம். டோரோதியா புதுக் கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தாள், நன்றாக இருக்கிறது.

டிசம்பர் 18

தித்தியாவின் வாக்குமூலம் வந்திருக்கிறது. எண்பது பக்கம். கருவிகளைக் காட்டியதுமே பேச ஆரம்பித்துவிட்டாளாம், மூன்று நாள் நிறுத்தவில்லையாம்.

முதல் பக்கத்தில் கிணற்றுக்குள் களிமண் பொம்மை போட்டதாகச் சொல்கிறாள். எங்கோ கேட்டதுபோல் இருந்தது. அடுத்து, மருத்துவச்சி ஒருத்தி பிரசவ வீட்டில் இடது செருப்பைக் கவிழ்த்து வைத்தது. அதற்கடுத்து, திராட்சைத் தோட்டத்தில் ஆலங்கட்டி. பத்தாவது பக்கத்தோடு நிறுத்திவிட்டு எழுந்தேன். பீரோவைத் திறந்து என் கைப்பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முதல் வழக்கு, இரண்டாம் வழக்கு, மூன்றாம் வழக்கு. அதே வரிசை, நாற்பத்து மூன்றும்.

இந்தக் கைப்பிரதியை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. சாவி என் கழுத்தில் தொங்குகிறது. வழக்குகள் நடந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று எங்கெங்கோ கிடக்கின்றன, க்ரால்பாக்கில் யாருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை.

பழைய கட்டுகளைப் படித்த யாராவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் இருபத்திரண்டாம் வழக்கு கண்ணில் பட்டது. அதில் செத்தவை எட்டு வெள்ளாடுகள். நகலெடுக்கையில் நான் கவனக்குறைவாக மூன்று என்று எழுதிவிட்டேன். போன கோடையில்தான் அதைக் கண்டுபிடித்தேன், இன்னும் திருத்தவில்லை. அவளும் மூன்று ஆடு என்கிறாள்.

பயமாக இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 19

காலைக் கூட்டத்தில் கட்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று. மற்ற இருவரும் தூங்கிவழிந்தார்கள். ஸ்ட்ரௌக் மட்டும் முழுக்கப் படித்தார். கிழட்டு நரி, ஞாபகம் அபாரம்.

"என்ன ஹெல்விக், இதெல்லாம் நாம ஏற்கனவே தீர்த்த வழக்குங்க இல்லையா? இந்தக் களிமண் பொம்மைக்கு ஒருத்திய எரிச்சாச்சே."

"ஆமாம்."

"இப்ப இவ தான்தான் தனியாப் பண்ணேங்கிறா. ஒரே குத்தத்த ரெண்டு பேர் தனித்தனியாப் பண்ண முடியாது. இவ சொல்றது நிஜம்னா, நாம நாப்பத்து மூணு பேரைச் சும்மா எரிச்சிருக்கோம்." குரலைத் தாழ்த்தினார். "பொய்னு வைங்க. கருவியக் கண்டாலே பொம்பளைங்க எதை வேணும்னாலும் ஒத்துக்குவாங்கன்னு ஆகுது. அப்ப அந்த நாப்பத்து மூணு பேர் ஒத்துக்கிட்டதும் செல்லாது. எந்தப் பக்கம் போனாலும் நம்ம கழுத்துல கயிறு."

"நிஜமுமில்லாமல் பொய்யுமில்லாமல் ஒன்று வேண்டும்" என்றேன்.

"நீங்கதானே தலைவர், யோசிங்க" என்று கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

டிசம்பர் 21

சாப்பிடும்போது டோரோதியாவிடம் மேலோட்டமாகச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணை நீங்க யாராவது போய்ப் பார்த்தீங்களா?"

"பீடம் போய்ப் பார்ப்பதில்லை."

"பீடம் போக வேண்டாம். நீங்க போகலாம்ல?"

"உனக்குச் சட்டம் தெரியாது."

"தெரியாதுதான். குளிர்ல ஒரு பொண்ணு உக்காந்திருக்கான்னு தெரியும்" என்றாள். இந்த வீட்டில் எனக்கு மரியாதை என்பதே கிடையாது.

டிசம்பர் 22

கண்டுபிடித்துவிட்டேன்! இவ்வளவு எளிதான வழி எப்படி நான்கு நாள் தோன்றாமல் போயிற்று? தீர்ப்புரை மூன்றே வரி: "தித்தியா என்பது சட்டக் கல்வியில் வழங்கும் பெயர். அப்படி ஒருத்தி இல்லை. ஆகவே அவள்மீது வழக்கும் இல்லை, வாக்குமூலமும் இல்லை."

ஸ்ட்ரௌக் படித்துவிட்டுக் கையைத் தட்டினார். "பிரமாதம்! யாரும் தப்புப் பண்ணலை." நான்கு பேரும் கையெழுத்திட்டோம். வழக்கு இல்லையென்றால் அவளை விட்டுவிடப் போகிறார்கள், அது சொல்லாமலே புரியும். டோரோதியாவிடம் சொன்னேன். "விட்டுடுங்கன்னு ஒரு வார்த்தை எழுதினீங்களா?" என்று கேட்டாள். பெண்களுக்கு எல்லாமே பச்சையாக எழுத வேண்டும்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ். வாத்து வறுவல் அருமை. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

1663, ஜனவரி 12

பெங்கெல் கடிதம், ஜனவரி 4 தேதியிட்டது. பனியில் நடையாள் ஐந்து நாள் மாட்டிக்கொண்டானாம்.

"தங்கள் தீர்ப்புரை கிடைத்தது. தித்தியா என்று ஒருத்தி இல்லை என்பதை ஊருக்கு வாசித்தோம். காவலறையில் ஆள் இல்லாததால் ரொட்டியும் தண்ணீரும் டிசம்பர் 27 முதல் நிறுத்தப்பட்டன. வெற்றறைக்குக் காவல் வீண் என்பதால் கதவை ஆணியடித்து மூடிவிட்டோம். உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்பதாகச் சிலர் சொல்கிறார்கள். பீடம் சொன்னபடி அங்கே யாரும் இல்லை என்று விளக்கியிருக்கிறேன்."

பதினாறு நாள். தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும், விசாரணைகளில் அதற்கொரு கணக்கு உண்டு.

திறக்கச் சொல்லி உத்தரவு கேட்டு ஸ்ட்ரௌக் வீட்டுக்கு ஓடினேன். "யாருக்காகத் திறக்கச் சொல்றீங்க ஹெல்விக்? ஆளே இல்லைன்னு மூணு வாரம் முன்னாடிதான் நீங்க எழுதினீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

டோரோதியா எனக்கு முன்பே என் பூட்ஸை அடுப்பருகே சூடாக்கி வைத்திருந்தாள். "யாரும் கேட்டா உங்களுக்கு ஜுரம்னு சொல்லிக்கிறேன். போங்க" என்றாள். போகிறேன்.

ஜனவரி 15, க்ரால்பாக்

பனிவண்டி குடைசாய்ந்து முழங்கை வீங்கியிருக்கிறது. மதியம் ஊருக்குள் நுழைந்ததும் சத்தம் கேட்டது. தட், தட் என்று சீராக, அவசரமே இல்லாமல். தெருவில் போகிறவர்கள் காது கேளாதவர்கள்போல் நடந்தார்கள்.

காவலறை நீதிமன்றத்தின் பின்னால் பாதி நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது. சுவரின் அடியில் கழிவுநீர்த் துவாரம். அங்கே ஒரு பெண் மண்டியிட்டு, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், கைகள் இரண்டும் குளிரில் வெடித்திருந்தன.

"யாரும்மா நீ?"

"பார்பரா. மில்லுக்காரி. நீங்க யாரு?"

சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஒன்பது வருடமாக எழுதிய பெண்களில் முதன்முதலாக ஒருத்தியின் முகத்தைப் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மூக்கில் ஒரு மச்சம் இருந்தது.

"உள்ள யாருமில்லன்னு எழுதுனது நீங்கதானா?" என்றாள். "தெனமும் ரொட்டி தள்ளுறேன், பனிக்கட்டி தள்ளுறேன். யாருமில்லாமயா எடுத்துக்குது?"

பெங்கெலைத் தேடிப் பிடித்தேன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தொப்பியைக் கழற்றிவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கதவைத் திறக்கச் சொன்னேன்.

"தொறக்கலாம் ஐயா. யாரை விடணும்? பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தித்தியான்னு எழுதாதீங்க, அவ இல்ல. தாள்ல என்ன இருக்கோ அதான் எனக்கு. நான் சட்டம் படிச்சவன் இல்ல."

கதவருகே போனேன். தட்டுவது நின்றது. "அம்மா, உன் பெயர் என்ன? உண்மைப் பெயரைச் சொல், எழுதி உன்னை விட்டுவிடுகிறேன்" என்று ஆணியடித்த பலகையில் வாயை வைத்துச் சொன்னேன்.

"அன்னா ராய்ட்டர்" என்றது உள்ளே.

கிணற்றில் களிமண் பொம்மை. என் முதல் வழக்கு. நான் பேனாக்கத்தியால் சுரண்டிய முதல் பெயர். அது என் நினைவில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

"கெர்ட்ரூட் ஃபிங்க்" என்றது. மருத்துவச்சி. "உர்சுலா மான்." குரல் மாறவில்லை, அவசரப்படவும் இல்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லி, நான் கேட்டுக்கொண்டேன் என்று தெரியும்வரை நிறுத்தி, அடுத்ததைச் சொன்னது. நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்து மூன்று பெயர். அழுதேன். அழுததை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

பெங்கெல் பின்னால் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "இவங்கள்ல யாராச்சும் உசுரோட இருக்காங்களா ஐயா?"

"இல்லை."

"யாரு சொல்றது?"

"நான்தான். முத்திரை என்னுடையது."

"அப்ப செத்தவங்களை எப்படி விடுறது?" நிஜமாகவே வருத்தப்பட்டார்.

பார்பரா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். "எம் பேரைப் போடுங்க. மொத கட்டுல எம் பேருதானே இருந்துச்சு."

"புரிந்துதான் சொல்கிறாயா? அப்புறம் உள்ளே இருக்கிற ஆள் நீதான் என்று ஆகிவிடும். பதிவேட்டில் ஏறினால் ஏறியதுதான்" என்றேன்.

"தெரியும். அவ எனக்குப் பதிலா உள்ள போனவ. எத்தன நாள் ரொட்டி தள்ளுறது? எழுதுங்க."

பெங்கெல் தலையாட்டினார். பார்பரா என்றால் சரி, அவள் இருக்கிற ஆள், எல்லாம் ஒழுங்காகிவிடும். நானும் தாளை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தேன். முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன். பிறகு ஏன் அடித்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மை குளிரில் கட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளலாம். வேறு தாள் எடுத்து, "காவலறையில் இருப்பவர் யோவாகிம் ஹெல்விக். அவரை உடனே விடவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பெங்கெல் இரண்டு முறை படித்தார். கடப்பாரை கொண்டு வரச் சொன்னார்.

கதவு திறந்தது. அவள் வெளியே வந்தாள். வயது சொல்ல முடியவில்லை, உயரமா குட்டையா என்றுகூட இப்போது எழுத வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்பரா தன் சால்வையைப் போர்த்தினாள், அவள் அதை இழுத்து மூடிக்கொண்டு நான் வந்த பாதையில் நடந்தாள். போய்விட்டாள். உயிரோடு போய்விட்டாள்! இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

பெங்கெல் இருமினார். "ஐயா, தாள்ல ஹெல்விக் உள்ள இருக்காருன்னு போட்டிருக்கு."

"ஆமாம்."

"நீங்க வெளிய நிக்கிறீங்க."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே இருந்தால்தான் விட முடியும். தன் விடுதலைக்குத் தானே போட்ட கையெழுத்து போதாது, பீடத்தின் முத்திரை வேண்டும், அதுவரை ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்றார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார், அந்த விதியை வகுத்ததில் எனக்கும் பங்குண்டு. குனிந்து உள்ளே போனேன்.

ஜனவரி 19

பெங்கெல் மெழுகுவத்தியும் மையும் கொடுத்தார். ரொட்டி தினம் ஒன்று, பதிவேட்டில் ஆள் இருப்பதால் தடையில்லை. பார்பரா துவாரம் வழியே வெங்காயம் தள்ளுகிறாள். சுவரில் எங்கும் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனை நாள் இங்கே ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல எதுவுமே இல்லை.

பயமில்லை. நடந்ததையும் அந்த வழக்குகளின் விவரத்தையும் உள்ளே வந்த அன்றே என் கைப்பட எழுதிப் பீடத்துக்கு அனுப்பிவிட்டேன், ஸ்ட்ரௌக் என் எழுத்தை அறிவார். நேற்று ஒரு முழுநாள் அந்த நாற்பத்து மூன்று பெயர்களையும் இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதினேன். ஒன்றும் விடுபடவில்லை.

ஜனவரி 24

பீடத்தின் தீர்ப்புரை வந்துவிட்டது. பெங்கெல் கதவுக்கு வெளியே நின்று, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"டாக்டர் யோவாகிம் ஹெல்விக் ஜுரம் கண்டு ஹார்டன்ஸ்டட்டில் தம் வீட்டில் படுத்திருப்பதைப் பீடம் அறியும். அவர் க்ரால்பாக்குக்குப் போனதாக அவர் மனைவி இப்போது சொல்வது, மனைவியின் சாட்சியம் என்பதால், செல்லாது. எனவே க்ரால்பாக் காவலில் இருந்துகொண்டு அப்பெயரைச் சொல்பவன் யார் என்பதும், நாற்பத்து மூன்று வழக்குகளின் விவரம் அவனுக்கு எவ்விதம் தெரிந்தது என்பதும் சந்தேகத்துக்கு உரியவை. முதலில் கருவிகளைக் காட்டவும், பிறகு அளவாக வலி கொடுத்து விசாரிக்கவும்."

தாளைக் கேட்டு வாங்கி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் படித்தேன். ஸ்ட்ரௌக்கின் நடை. ஓட்டையே இல்லை. நானாக இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

பெங்கெல் சாமான்களை எடுத்து வரப் போயிருக்கிறார்.